இணைய வசதியும் மக்கள் நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையம் தகவல் தொடர்பு சார்ந்த விஷயம். அதைச் சுகாதாரத்தோடு ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

மனிதரின் உடல்நலம் மருந்தாலும் மருத்துவமனையாலும் மட்டும் அமைவதில்லை. குடிநீர், வீடு, படிப்பு, வேலை, வருமானம் எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் எவ்வளவு காலம், எவ்வளவு நலமாக வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கின்றன. 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனமும் நோயில்லாமல் இருப்பதை மட்டும் ஆரோக்கியம் என்று சொல்லவில்லை; உடலாலும் மனதாலும் சமூக வாழ்விலும் நலமாக இருப்பதையே அப்படி அழைக்கிறது.

இன்று வேலைக்கு விண்ணப்பிப்பது, உதவித்தொகை பெறுவது, மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்வது என்று பலவும் இணையத்துக்குப் போய்விட்டன. அதனால் இணையமும் நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றாகிவிட்டது. அதோடு, மற்ற காரணிகளை எட்டுவதற்கான பாதையாகவும் ஆகியிருக்கிறது. "இணையம் நல்லதா, கெட்டதா" என்ற பட்டிமன்றத்தை விட, அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, அது வந்தபோது எந்தக் கதவு மூடப்பட்டது என்று கேட்பதுதான் பயனுள்ளது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

இணையம் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், கோடிக்கணக்கில். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி சுமார் 550 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தினார்கள். 260 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை. எட்டாதவர்களில் சுமார் 180 கோடிப் பேர் கிராமப்புறத்தில் வாழ்பவர்கள். வருமானம் அதிகமுள்ள நாடுகளில் 93 சதவீத மக்களுக்கு இணையப் பயன்பாடு உண்டு; வருமானம் குறைந்த நாடுகளில் 27 சதவீதத்தினருக்குத்தான்.

யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்: ஏழைகள், முதியவர்கள், தொலைதூரத்தில் வாழ்பவர்கள், படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள். நோய்ச் சுமை அதிகமாக இருப்பதும் இதே மக்களிடம்தான். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1971-ல் 'தி லான்செட்' இதழில், நல்ல மருத்துவம் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். இணையத்தின் விஷயத்தில் அதே அநியாயம் மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே, அது போதாதா?

4ஜி அலைவரிசை இன்று உலக மக்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோரை எட்டுகிறது. அப்படியிருந்தும் 2024 மதிப்பீட்டின்படி பயன்படுத்தியவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். கோபுரம் நிற்பது வேறு, பயன் கிடைப்பது வேறு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். எழுபது வயது அம்மா ஒருவர் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இனி இணையத்தில்தான் முன்பதிவு. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். அது மகனோடு வேலைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தன் கைபேசியில் படிவத்தை நிரப்பித் தருகிறார். பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் சரி. கடைசியில் ஓ.டி.பி. கேட்கிறது. பதிவில் இருப்பது மகனின் எண். மகன் இயந்திரத்தின் முன் நிற்கிறார், அழைப்பை எடுக்க முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் பக்கம் காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அந்த அம்மா "பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்து போகிறார். மருத்துவமனையின் கணக்கில் அவர் வரவே இல்லை. வராதவரை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

தனக்கென்று ஒரு கருவி, மாதக் கடைசியிலும் தீராத டேட்டா, படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன், தன் மொழியில் உள்ள பக்கம், யாரும் எட்டிப் பார்க்காமல் பேச ஓர் இடம்: இத்தனையும் இருந்தால்தான் அது உண்மையான வசதி. கடைசியில் சொன்ன இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணவனின் அடியைப் பற்றியோ கருத்தடையைப் பற்றியோ மருத்துவரிடம் பேச வேண்டிய பெண்ணுக்கு, கணவனின் கைபேசியில் நடக்கும் காணொளி ஆலோசனையால் என்ன பயன்?

தொலைமருத்துவம் நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?

சிலவற்றுக்கு ஈடாகும், சிலவற்றுக்கு ஆகாது. ஏற்கெனவே கண்டறியப்பட்ட ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றின் தொடர் கண்காணிப்பு, மனநல ஆலோசனை, பரிசோதனை முடிவை விளக்குதல், மருந்துச் சீட்டைப் புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அது நன்றாகவே பயன்படும். வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டிய வலி, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க வேண்டிய மூச்சுத் திணறல், முதன்முதலாகத் தெரியும் கட்டி ஆகியவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கமாகக் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் இருந்தால் எந்தச் செயலியையும் திறக்க வேண்டாம். உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

இணையத்தால் மருத்துவர்களுக்கு என்ன பயன்?

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். நோயாளியையும் மருத்துவரையும் இணைப்பதைக் காட்டிலும், மருத்துவரையும் மருத்துவரையும் இணைப்பதில் இணையம் சத்தமில்லாமல் பெரிய வேலை செய்திருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்குச் சிகிச்சையளித்துவந்தவர் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர். அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வர வேண்டும். அன்றைய சிகிச்சையும் எளிதானதல்ல. பல மாதங்கள் ஊசியும் மாத்திரையும் தொடர வேண்டும். ரத்தசோகையும் மனச்சோர்வும் வரும். அடிக்கடி பரிசோதனை தேவை. பலர் பாதியில் நிறுத்தினார்கள், பலர் தொடங்கவே இல்லை.

2003-ல் அவர் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகளை நகரத்துக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, கிராமப்புற மருத்துவர்களையும் செவிலியர்களையும் சிறை மருத்துவர்களையும் வாரந்தோறும் காணொளியில் ஒன்றுகூட்டினார். ஒவ்வொருவரும் தங்கள் நோயாளியின் நிலையைப் பெயர் சொல்லாமல் விவரிப்பார்கள்; நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள்; மருந்தின் அளவை மாற்றலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று எல்லோருமாகப் பேசி முடிவெடுப்பார்கள். ஒருவரின் நோயாளியைப் பற்றிய பேச்சிலிருந்து மற்ற எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

பலன் 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 407 நோயாளிகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் நிபுணரிடம் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதத்தினருக்கு வைரஸ் நீங்கியது. ஊரிலேயே, தங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ செவிலியரிடமோ சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதம். எந்த நோயாளியும் கணினியின் முன் உட்கார வேண்டியிருக்கவில்லை. இணைய இணைப்பு தேவைப்பட்டது மருத்துவ நிலையத்துக்குத்தான். இணையம் இல்லாத வீடுகளுக்கும் இணையத்தின் பயன் போய்ச் சேர இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

இணையமே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

சாதாரணக் குறுஞ்செய்தியே போதுமான இடங்கள் உண்டு. கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொள்பவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. செவிலியரிடமிருந்து வாரம் ஒருமுறை "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஸ்வாஹிலி மொழியில் ஒரு குறுஞ்செய்தி போகும். நலமா, பிரச்சினை இருக்கிறதா என்று 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்று சொன்னாலோ, பதிலே வராவிட்டாலோ செவிலியர் தொலைபேசியில் அழைப்பார். மருந்தைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. வேறு யாராவது படித்தாலும் நோய் என்னவென்று தெரியாது.

2010-ல் வெளியான முடிவின்படி, குறுஞ்செய்தி பெற்றவர்களில் 62 சதவீதத்தினர் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள். பெறாதவர்களில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் இருந்தவர்களின் விகிதமும் அதேபோல் உயர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் சுகாதாரத் துறை 2014-ல் தொடங்கிய 'மாம்கனெக்ட்' திட்டமும் கர்ப்பிணிகளுக்குச் சாதாரணக் கைபேசியிலேயே செய்தி அனுப்பித்தான் வேரூன்றியது. பளபளக்கும் செயலியை உருவாக்குவதற்கு முன்னால், பட்டன் கைபேசியில் இந்த வேலை முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

நோய் பரவுவதை இணையம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

காட்டிக்கொடுத்திருக்கிறது. 1994-ல் தொடங்கிய 'ப்ரோமெட்' என்ற மின்னஞ்சல் வலையமைப்பில் 2003 பிப்ரவரி 10 அன்று, சீனாவின் குவாங்சோவில் ஏதோ தொற்று பரவுவதாகக் கேள்விப்பட்டதாக ஒரு மருத்துவர் எழுதினார். அந்தச் சுவாச நோய்தான் பிறகு சார்ஸ் என்று பெயர் பெற்றது. அதே வலையமைப்பு 2019 டிசம்பர் 30 அன்று வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா பற்றி எச்சரித்தது.

ஆனால் மனிதக் கண் இல்லாமல் தரவை மட்டும் நம்பினால் சறுக்கும். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்க கூகுள் 2008-ல் 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' சேவையைத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாகக் காட்டியது. காய்ச்சலைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டுத் தேடுபவருக்கும் காய்ச்சலோடு தேடுபவருக்கும் வேறுபாடு காண்பது இயந்திரத்துக்குக் கடினம். 2015-ல் அந்தச் சேவை நின்றுபோனது. இணையம் இல்லாத மக்கள் இத்தகைய கணிப்புகளில் தென்படவே மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வதந்திகளால் உயிர் போகுமா?

போயிருக்கிறது. 2020-ல் சாராயம் குடித்தால் கொரோனா குணமாகும் என்ற வதந்தி பரவிய ஈரானில், மெத்தனால் என்ற நச்சுப்பொருள் கலந்த சரக்கைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டில் 5ஜி அலைதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பிய சிலர் பிரிட்டனில் கைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். உண்மையும் பொய்யும் கலந்து பெருகும் இந்தத் தகவல் வெள்ளமும் ஒரு கொள்ளைநோய்தான் என்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் 2020 பிப்ரவரியில் எச்சரித்தார்.

எல்லாப் பழியையும் இணையத்தின் மேல் போடவும் முடியாது. தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பொய்யின் ஊற்று, 1998-ல் ஒரு மதிப்புமிக்க மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வெளியான கட்டுரை. 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் ரத்தானது. ஆனால் திரும்பப் பெற்ற செய்தி போன தூரத்தைவிடப் பொய் போன தூரம் அதிகம். அதற்குத்தான் இணையம் துணைபோனது.

வதந்தியை நம்புகிறவரை முட்டாள் என்று ஏசுவதால் ஒன்றும் ஆகாது. கேட்ட கேள்விக்கு மருத்துவமனையில் பதில் கிடைக்காதவர், கிடைக்கும் இடத்தில் பதிலைத் தேடிக்கொள்கிறார். அவர் மருத்துவரோடு பேச ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தாலே பாதி வதந்திக்கு வேலை இல்லாமல் போகும்.

நோய் அறிகுறியை இணையத்தில் தேடிப் பார்க்கலாமா?

தாராளமாகத் தேடலாம். தேடாதே என்று அதட்டும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவது குற்றமல்ல. ஆனால் தேடும் முறை ஒன்று உண்டு. "தலைவலி மூளைக் கட்டியா" என்று தேடினால் மூளைக் கட்டியைப் பற்றிய பக்கங்கள்தான் வரும். "தலைவலிக்கான காரணங்கள்" என்று தேடினால் சாதாரணக் காரணங்களும் வரும். பக்கத்தை எழுதியவர் யார், எப்போது எழுதியது, கீழே ஏதாவது மருந்தை விற்கிறார்களா என்று பாருங்கள். படித்ததை வைத்து, மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எடுத்துவரும் மருந்தைப் படித்ததை நம்பித் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

சமூக ஊடகம் பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கிறதா?

ஆய்வாளர்களே இதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவை அலசி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் தொழில்நுட்பப் பயன்பாட்டால் விளக்க முடிகிறது என்றது. மறுபுறம், போதிய பாதுகாப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2023-ல் அறிக்கை வெளியிட்டார். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024-ல் நிறைவேற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சராசரிகள் ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லாது. கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் பெண் பிள்ளைக்கு அது நரகம். ஊரில் தன்னைப் போல் ஒருவரைக்கூடக் காணாத, அரிய நோயோடு வாழும் சிறுவனுக்கு அதே இணையம்தான் நண்பர்களைக் கொடுக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதோடு, தூக்கம் கெட்டிருக்கிறதா, நண்பர்களைப் பார்ப்பது குறைந்திருக்கிறதா, கைபேசியை வைத்த பிறகு முகம் வாடுகிறதா என்றும் பாருங்கள். கணினி, கைபேசி விளையாட்டுகளைப் பொறுத்தவரை, கட்டுப்பாட்டை இழந்து வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆடும் நிலையை உலக சுகாதார அமைப்பு நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. அதிக நேரம் விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் என்று இதற்குப் பொருள் இல்லை.

சின்னஞ்சிறு குழந்தைகளின் விஷயத்தில் தெளிவு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

முதியவர்களின் தனிமைக்கு இணையம் மருந்தாகுமா?

உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025-ல் சொன்னது. பேரப்பிள்ளையின் முகத்தைக் காணொளியில் பார்ப்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் "வீடியோவில்தான் பேசுகிறோமே" என்று நேரில் வருவதைக் குறைத்துக்கொண்டால் இருந்ததும் போய்விடும்.

தூக்கம், கண், கதிர்வீச்சு பற்றி?

தூக்கம் கெடுவது உண்மை. திரையின் வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். அதைவிட, பார்க்கும் விஷயம் மனதை விழிக்க வைக்கும். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது எளிய வழி. கண் உலர்வதும் வலிப்பதும் இமைக்காமல் பார்ப்பதால் வருவது; அவ்வப்போது தூரத்தில் பார்த்தால் குறையும். குழந்தைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடினால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது.

கைபேசிக் கதிர்வீச்சை 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. அதன் பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார அமைப்பின் ஏற்பாட்டில் 2024-ல் வெளியான மதிப்பாய்வு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்கிறது.

எல்லா மருத்துவச் சேவையையும் இணையத்துக்கு மாற்றிவிட்டால் என்ன?

இணைப்பு அறுந்துபோகும் நாளை நினைத்துப் பாருங்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கணினி வைரஸ் தாக்கியபோது இங்கிலாந்து மருத்துவமனைகளில் சுமார் 19,000 சந்திப்புகள் ரத்தாயின. 2021 மே மாதம் இதேபோன்ற இணையத் தாக்குதலால் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையே முடங்கி, ஊழியர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தபோது, டோங்கா தீவுநாடு சுமார் ஐந்து வாரம் அந்த இணைப்பு இல்லாமல் தவித்தது. அந்தரங்கமும் ஆபத்துக்குள்ளாகும்: பின்லாந்தில் ஒரு மனநலச் சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை வைத்து, 2020-ல் அந்த நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள்.

ஆகவே இணைய முன்பதிவு வரட்டும். ஆனால் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். செலவு மிச்சம் என்று ஜன்னலை மூடும்போது, அந்தச் செலவை நோயாளியின் தலையில் கட்டுகிறோம்.

அரசும் சுகாதார நிர்வாகமும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பின்லாந்து 2010-லேயே நொடிக்கு ஒரு மெகாபிட் வேக இணைப்பைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது. அடிப்படை இணைப்பின் கட்டணம் தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை ஆணையம் இலக்கு வைத்தது. இவை அளவுகோல்கள். நிர்வாகத்துக்கு என் முதல் கோரிக்கை வேறு: ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அறுபடாத இணைப்பும் மின்சாரமும் கொடுங்கள். ஒரு நிலையத்துக்குக் கிடைத்தால் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் பயன். அடுத்தது, சுகாதாரத் தளங்களைப் பார்ப்பதற்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் செய்வது. மூன்றாவது, படிவம் நிரப்பத் துணை நிற்கும் ஓர் ஊழியர். பொது நூலகங்கள் பல நாடுகளில் இந்த வேலையை ஏற்கெனவே செய்கின்றன. அவற்றுக்குச் சுகாதார நிதியில் பங்கு கொடுத்தால் தகும்.

வீட்டில் உள்ள பெரியவருக்கு எதிலிருந்து கற்றுக்கொடுக்கலாம்?

அவருக்கு எது வேண்டுமோ அதிலிருந்து. முன்பதிவுப் படிவத்தில் தொடங்காதீர்கள். பிடித்த பாட்டையோ தூரத்தில் இருக்கும் தங்கையின் அழைப்பையோ முதலில் காட்டுங்கள். கைபேசி அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் வாங்கி அழுத்திவிட வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். மருத்துவப் பதிவில் அவருடைய எண்ணே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொடுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைக் கைபேசியில் சேமித்த பிறகு, ஒரு காகிதத்திலும் எழுதி அவர் பையில் வையுங்கள்.